240 லிட்டர் ரீஃப் டேங்குக்குக் கால்சியம், ஆல்கலினிட்டி கரைசல் வீட்டிலேயே கலப்பது: அளவும் பொருளும்

குடந்தை_டேங்க்:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் ரீஃப் டேங்க் (கோரல், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி). சம்ப்பையும் (டேங்கோடு சேர்ந்த துணைத் தொட்டி) சேர்த்து, பாறை, மணல் போக, நிகரத் தண்ணீர் 240 லிட்டர். கடையில் விற்கும் இரண்டு பாட்டில் சப்ளிமென்ட்டின் விலையும் கூரியர் செலவும் கட்டுப்படியாகவில்லை. தனித்தனியாக உப்பு வாங்கிக் கலந்துகொள்ளலாம் என்று இருக்கிறேன்.

இப்போதைய அளவுகள்: கால்சியம் 360 பிபிஎம், மெக்னீசியம் 1120, ஆல்கலினிட்டி (கார்பனேட், பைகார்பனேட் அளவு) 8.2 டி.கே.ஹெச். (அதன் அலகு). எதுவும் ஊற்றாமல் இரண்டு நாள் விட்டுப் பார்த்ததில் ஆல்கலினிட்டி 6.8க்கு வந்துவிட்டது. பி.ஹெச். விடியற்காலையில் 7.9, சாயங்காலம் 8.2. உப்பு, முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் (ஒப்படர்த்தி பார்க்கும் கருவி) 1.026, அதாவது சாதாரணக் கடல் தண்ணீர் அளவு. தண்ணீர் மாற்றுவதற்கு நாகையிலிருந்து கேனில் கடல் தண்ணீர் வருகிறது; கடைசி லோடு கார்த்திகையில் வந்தது. மேலே ஃபேன் ஓடுவதால் தினமும் 3 லிட்டர் ஆவியாகிறது, அதற்கு ஆர்.ஓ. தண்ணீர் விடுகிறேன்.

கால்சியத்தை 420க்குக் கொண்டுவர எத்தனை கிராம் கால்சியம் குளோரைடு போட வேண்டும்? ஆல்கலினிட்டிக்கு மளிகைக்கடை ஆப்ப சோடா போதுமா, அல்லது சலவை சோடாவா? மெக்னீசியத்துக்கு உரக்கடை எப்சம் சால்ட் பரவாயில்லையா? இன்னொன்று: எங்கள் ஊரில் வெற்றிலைச் சுண்ணாம்புக்குப் பஞ்சமே இல்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்துச் சொட்டு விட்டால் கால்சியம், ஆல்கலினிட்டி இரண்டும் சேர்ந்து ஏறும் என்கிறார்கள், உண்மையா?

கொள்ளிடக்கரை:

கால்சியம் குளோரைடு வாங்குவதற்கு முன்னால் ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளிவிலகலை வைத்து உப்பு அளக்கும் கருவி) ஒன்று இரவல் வாங்குங்கள் சார். உங்கள் எண்களே ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுக்கின்றன.

35 பிபிடி (கிலோவுக்கு 35 கிராம் உப்பு) உள்ள கடல் தண்ணீரில் கால்சியம் 412 பிபிஎம் அளவிலும் மெக்னீசியம் 1280, 1290 அளவிலும் இருக்கும். உங்களிடம் 360, 1120. இரண்டையும் வகுத்துப் பாருங்கள், இரண்டுமே 13 சதவீதம் குறைவு. கோரல் தின்று கால்சியம் குறைந்தால் மெக்னீசியம் அதே விகிதத்தில் குறையவே குறையாது. கோரல் மெக்னீசியத்தைத் தொடுவது மிகக் கொஞ்சம். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் தண்ணீரே நீர்த்திருக்கிறது என்று அர்த்தம். என் கணக்கில் உங்கள் டேங்க் 30, 31 பிபிடியில் நிற்கிறது. முள் ஹைட்ரோமீட்டரில் முள்ளின் மேல் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு கூடுதலாகக் காட்டும்.

கார்த்திகை லோடு என்றீர்களே, அதுவும் பொருந்துகிறது. வடகிழக்குப் பருவமழையில் கொள்ளிடம், காவிரி, வெட்டாறு எல்லாம் கடலில் கலக்கும்போது கரையோரத் தண்ணீரின் உப்பு இறங்கிவிடும். ஆற்றுத் தண்ணீரில் ஆல்கலினிட்டி இருப்பதால் அது மட்டும் அந்த அளவுக்குக் குறையாது. அதனால்தான் ஆல்கலினிட்டி சரியாகவும் கால்சியம், மெக்னீசியம் மட்டும் குறைவாகவும் தெரிகிறது.

இப்போதே கால்சியத்தை 420, மெக்னீசியத்தை 1300 ஆக்கிவிட்டு, அப்புறம் உப்பைச் சரிசெய்தால் கால்சியம் 470ஐயும் மெக்னீசியம் 1460ஐயும் தாண்டும். ஆகவே முதலில் உப்பு.

ரிஃப்ராக்டோமீட்டரைச் சும்மா ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டு நம்பாதீர்கள். 36.5 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடு, 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீர், இந்தக் கரைசல் 35 பிபிடி கடல் தண்ணீர் காட்டும் அதே கோட்டைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகைத் திருப்பி அங்கே வையுங்கள். நாம் பார்க்கப்போவது 35 பக்கம், பூஜ்யம் பக்கம் இல்லை.

சோடாக்கணக்கு:

மேலே சொன்னது சரி. உப்பு சரியாகும்வரை கால்சியத்தை 420க்கு ஏற்றும் வேலையைத் தொட வேண்டாம். ஆனால் ஆல்கலினிட்டி இறக்கம் நிஜம், அதற்குத் தினசரி ஊற்றியாக வேண்டும். கணக்கைச் சொல்கிறேன்.

இரண்டு நாளில் 1.4 டி.கே.ஹெச்., அதாவது நாளொன்றுக்கு 0.7. 2.8 டி.கே.ஹெச். என்பது லிட்டருக்கு 1 மில்லி ஈக்விவலன்ட் (ஆல்கலினிட்டியின் இன்னோர் அலகு). ஆக உங்கள் செலவு லிட்டருக்கு 0.25, மொத்த டேங்குக்கு 60 மில்லி ஈக்விவலன்ட். கோரல் கூடு கட்டும்போது 2.8 டி.கே.ஹெச்.க்குச் சுமார் 20 பிபிஎம் கால்சியம் போகும். அப்படியானால் உங்கள் கால்சியம் செலவு தினமும் 5 பிபிஎம்தான். கடை டெஸ்ட் கிட்டில் ஒரு சொட்டே 10, 20 பிபிஎம் தாவும், 5 எங்கே தெரியும்? அதனால் தினசரி அளவை ஆல்கலினிட்டியை வைத்தே முடிவு செய்யுங்கள். கால்சியம் கரைசலை அதே மி.லி. ஊற்றிக்கொண்டு வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

சமநிலையான இரண்டு கரைசல், ஒவ்வொன்றும் 1 லிட்டர்:

கால்சியம் பக்கம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் (படிகத்தில் தண்ணீர் சேர்ந்த வகை) 139 கிராம். ஆல்கலினிட்டி பக்கம், சோடா சாம்பல் என்கிற சோடியம் கார்பனேட், நீரற்றது, 100 கிராம். இரண்டும் தினம் 32 மி.லி. ஊற்றினால் உங்கள் 60 கணக்கு சரியாகிவிடும்.

சோடா சாம்பலை வாங்கவே வேண்டாம், ஆப்ப சோடாவை வறுத்தால் அதுதான். பாக்கெட்டில் சோடியம் பைகார்பனேட் என்று மட்டும், ஐ.என்.எஸ். 500 எண்ணோடு இருக்க வேண்டும். பேக்கிங் பவுடர் வேறு, அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். அவனில் 150 முதல் 200 டிகிரியில் எவர்சில்வர் தட்டில் பரப்பி ஒரு மணி நேரம். அவன் இல்லையென்றால் எவர்சில்வர் அடிகனப் பாத்திரத்தில் மிதமான தீயில் கிளறலாம். பொடி தண்ணீர் மாதிரி தளதளவென்று கொதிக்கும், கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வெளியேறுவதுதான் அது. அடங்கினால் ஆயிற்று என்று கண்ணால் முடிவு செய்யாமல் எடை போடுங்கள். 500 கிராம் போட்டால் 315 கிராம் மிஞ்ச வேண்டும். 340 இருந்தால் இன்னும் வேகவில்லை. அலுமினியப் பாத்திரம் ஆகாது, சோடா அரித்துவிடும்.

கரைக்கும்போது 800 மி.லி. ஆர்.ஓ. தண்ணீரைச் சுழலவிட்டு அதில் பொடியைத் தூவுங்கள். பொடியைப் போட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் கல்லாக இறுகி மணிக்கணக்கில் கரையாது. கரைந்தபின் 1 லிட்டர் கோடுவரை நிரப்புங்கள்.

சாயங்காலம் 8.4ஐத் தொடுகிற டேங்க் என்றால் வறுக்காத பைகார்பனேட்டைச் சொல்வேன். அப்போது 1 லிட்டருக்குப் பைகார்பனேட் 80 கிராம், மறுபக்கம் டைஹைட்ரேட் 70 கிராம், தினம் 63 மி.லி. வீதம். பைகார்பனேட் அதற்குமேல் எளிதில் கரையாது என்பதால் இரண்டையும் நீர்க்க வைத்திருக்கிறேன். உங்கள் காலை பி.ஹெச். 7.9, வறுத்ததே நல்லது, கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும்.

இரண்டையும் ஒரே கேனில் ஊற்றினால் அந்த நொடியே பால் போல வெளுத்துச் சுண்ணாம்பாக அடியில் உட்காரும். டேங்கிலும் இதே சண்டைதான்: ஒன்றை ஊற்றிய இடத்திலேயே மற்றதை ஊற்றக் கூடாது. அலை பம்ப் முன்னால், ஓட்டம் பலமாக உள்ள இரண்டு இடம் பாருங்கள்; சோடா விடியற்காலையில், கால்சியம் அதற்கு அரை மணி கழித்து. மந்தமான மூலையில் சோடா ஊற்றினால் ஹீட்டர் மேலும் பம்ப் ரோட்டாரிலும் வெள்ளைப் படிவம் ஏறும். போட்ட ஆல்கலினிட்டி கோரலுக்குப் போகாமல் பிளாஸ்டிக்கில் ஒட்டிவிட்டு, "ஊற்ற ஊற்ற இறங்குதே" என்று புலம்ப வைக்கும்.

இப்போதைய 6.8ஐ 8க்கு ஏற்ற ஒருமுறை மட்டும் ஆப்ப சோடா 9 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, இரண்டு நாளாகப் பிரித்து. ஒரு நாளில் 1 டி.கே.ஹெச்.க்கு மேல் ஏற்ற வேண்டாம்.

ஒரு பக்க விளைவைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு கரைசலும் சேர்ந்தால் மிஞ்சுவது சாதாரண உப்பு. உங்கள் அளவுக்குத் தினம் 3.5 கிராம், மாதம் 105 கிராம். தண்ணீர் மாற்றாமல் விட்டால் மாதத்துக்கு 0.4 பிபிடிக்கு மேல் ஏறும். மாதாமாதம் உப்பு பாருங்கள்.

நாகை_ஹேச்சரி:

பொருள் வாங்குற விஷயத்துல மட்டும் நான் சொல்றேன். இறால் குஞ்சு பொரிப்பகங்களுக்கு சப்ளை பண்ற கெமிக்கல் கடையில கால்சியம் குளோரைடு ரெண்டு விதமா வரும். செதிலா இருந்தா பெரும்பாலும் டைஹைட்ரேட். கட்டி கட்டியா கல்லு மாதிரி இருந்தா அது ஃப்யூஸ்டு, தண்ணி இல்லாதது, 94 சதவீதம்னு சாக்குல போட்டிருக்கும். அதுல 139 கிராம் போட்டுடாதீங்க, 111 கிராம்தான். ரெண்டுமே கரையும்போது சுடும், ஃப்யூஸ்டு கைபொறுக்காத சூடு. தண்ணியில உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும், கண்ணாடி ஜாடி வேண்டாம், கனமான பிளாஸ்டிக் வாளி.

வாங்கின அன்னைக்கே காத்துப் புகாத டப்பாவுல அடைச்சிடுங்க. நம்ம கடலோரக் காத்துக்கு, பிரிச்ச பாக்கெட் ராத்திரிக்குள்ள கசிய ஆரம்பிச்சிடும். ஈரம் இழுத்த உப்பை எடை போட்டா பாதி எடை தண்ணிதான், அளவு சுத்தமா தப்பிடும். அப்படி ஆயிடுச்சுன்னா தூக்கிப் போட வேண்டாம், கரைச்சுட்டு பலத்தை டெஸ்ட் பண்ணிக்கலாம்: கரைசல் 1 மி.லி. சிரிஞ்சுல எடுத்து ஆர்.ஓ. தண்ணி விட்டு 100 மி.லி. ஆக்குங்க, உங்க கால்சியம் கிட்டுல பாருங்க. 380 பக்கம் காட்டணும். 300 காட்டினா தினசரி அளவை அந்த விகிதத்துல கூட்டிக்குங்க. சோடாவுக்கு 1 மி.லி.யை 500 மி.லி. ஆக்கினா 10.6 டி.கே.ஹெச். வரணும். இதைச் செய்யாம டேங்குல ஊத்துறது குருட்டு வேலை.

கரைச்சதும் லேசா கலங்கலா இருந்தா பயப்படாதீங்க, கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சம் இருக்கும். ஒருநாள் வெச்சுத் தெளிவை மட்டும் வடிச்சுக்குங்க. போர் தண்ணியில கரைச்சா இன்னும் மோசமா கலங்கும், போர் தண்ணியோட பைகார்பனேட்டே அதுக்குக் காரணம்.

ஐஸ் பிளான்ட்ல உபரியா இருக்குன்னு யாராவது கால்சியம் குளோரைடு கொடுத்தா வாங்காதீங்க. பிரைன் தொட்டி துருப்பிடிக்காம இருக்க சில இடத்துல குரோமேட் சேர்ப்பாங்க. உரக்கடை எப்சம் சால்ட்டும் வேண்டாம், அது நெல்லுக்கும் தென்னைக்கும் உள்ளது. இலைக்கு நல்லதுன்னு இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் கலந்த பாக்கெட்டும் அதே அலமாரியிலதான் இருக்கும். மெடிக்கல்ல ஐ.பி.ன்னு போட்டது வாங்குங்க. எப்சம் மட்டுமே போட்டு 240 லிட்டர்ல 100 பிபிஎம் மெக்னீசியம் ஏத்தணும்னா 243 கிராம், ஆனா அதோட சல்ஃபேட்டும் கிட்டத்தட்ட 400 பிபிஎம் ஏறும். கடல்ல இருக்கிறதே 2700தான். ஒருதடவை சரி, மாசாமாசம் வேண்டாம். மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட்னா 200 கிராம் போதும், அதையே முக்கியமா வெச்சுக்கிட்டு எப்சம் கொஞ்சம் சேருங்க.

வேதாரண்யம் உப்பளத்துல உப்பு எடுத்தப்புறம் மிஞ்சுற கசப்புத் தண்ணியில மெக்னீசியம் ஏராளமா இருக்குன்னு சிலபேர் கேட்பாங்க. இருக்கு. கூடவே பொட்டாசியமும் புரோமைடும் செறிஞ்சு இருக்கும், பாத்திக்குப் பாத்தி அளவு வேற. அந்த வேலை வேண்டாம்.

கடல் தண்ணியை மாசி முதல் வைகாசி வரைக்கும் எடுத்து நிழல்ல அடைச்சு வைங்க. முகத்துவாரத்துக்குத் தள்ளி, ஏத்தம் நிறைஞ்ச நேரத்துல. லோடு இறக்குறதுக்கு முன்னாடி ரிஃப்ராக்டோமீட்டர் பார்க்காம காசு கொடுக்காதீங்க.

வெண்ணாறு:

சின்ன சந்தேகம். இவ்வளவு மெனக்கெடாமல் சம்ப்பில் உடைத்த கிளிஞ்சலை ஒரு பையில் கட்டிப் போட்டுவிட்டால் அதுவே கரைந்து கால்சியம் கொடுக்காதா? ராமேஸ்வரம் பக்கம் கரை ஒதுங்கும் பவளக்கல்லையும் போடலாம் என்கிறார்கள்.

கொள்ளிடக்கரை:

கரையாது. 8க்கு மேல் பி.ஹெச். உள்ள கடல் தண்ணீரில் கால்சியம் கார்பனேட் ஏற்கெனவே தேவைக்கு மேல் நிறைந்திருக்கிறது, கிளிஞ்சல் அதில் கரைய இடமே இல்லை. தனி அறையில் கார்பன் டை ஆக்சைடு விட்டு பி.ஹெச். 6.5, 6.7க்கு இறக்கினால்தான் கரையும், கால்சியம் ரியாக்டர் என்பது அதுதான். 240 லிட்டருக்கு அந்தச் செலவு வேண்டாம்.

பவளக்கல்லை எடுக்க வேண்டாம், செத்துக் கரை ஒதுங்கியதானாலும். கூடு கட்டும் பவளம் முழுவதும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

சோடாக்கணக்கு:

சுண்ணாம்புக் கேள்வி விட்டுப்போயிற்று. யோசனை நல்லது, வெற்றிலைக்கடைச் சுண்ணாம்புதான் சரிப்படாது.

தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கால்சியமும் ஆல்கலினிட்டியும் கோரல் எடுக்கும் அதே விகிதத்தில் இருக்கின்றன, மிச்சமாக உப்பும் சேராது. நம் ஊர் வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு கரையும், அந்தத் தண்ணீரில் 40 மில்லி ஈக்விவலன்ட். உங்களுக்குத் தேவை 60. அதாவது நிறைகரைசல் ஒன்றரை லிட்டர், அல்லது தினம் ஆவியாகும் அந்த 3 லிட்டரில் 2.2 கிராம். முழுத் தேவையும் தீர்ந்துவிடும், இரண்டு பாட்டிலே வேண்டாம். கோரல் வளர்ந்து செலவு இரட்டிப்பாகும் வரை இது தாங்கும். அதற்குமேல் ஆவியாகும் தண்ணீர் போதாது, அப்போது கரைசல்களைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம்.

கிளிஞ்சல் சுண்ணாம்பில் சூளைச் சாம்பல், வேகாத ஓடு, மணல் எல்லாம் இருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்போ களிம்பு; அதில் பாதி தண்ணீர், எடை போட்டு அளக்கவே முடியாது. சிலது நிறமும் வாசனையும் சேர்த்தது. உணவுத் தர கால்சியம் ஹைட்ராக்சைடு பொடி கிலோ வாங்கினால் ஒரு வருடத்துக்கு மேல் வரும். எதற்கு வம்பு?

3 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் பொடியைப் போட்டுக் குலுக்கி, மூடி, இரண்டு மூன்று மணி நேரம் தெளியவிடுங்கள். மூடாமல் வைத்தால் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு மேலே ஆடை கட்டும், அவ்வளவும் வீண். அடி மண்டியை விட்டுத் தெளிவை மட்டும் இரவில், விளக்கு அணைந்தபின், சொட்டுச் சொட்டாக. இதன் பி.ஹெச். 12க்கு மேல், ஒரு டம்ளரை ஒரேயடியாக ஊற்றினால் டேங்க் முழுக்க வெள்ளைப்பனி பெய்யும், மீனுக்கும் ஆபத்து. மெடிக்கலில் கிடைக்கும் குளுகோஸ் சொட்டுக்குழாய் போதும். மி.லி.க்கு 20 சொட்டு வகை என்றால் 3 லிட்டரை 12 மணி நேரத்தில் இறக்க நிமிடத்துக்கு 83 சொட்டு. முதல் வாரம் பாதி அளவு, 1.1 கிராம், காலையில் பி.ஹெச். பார்த்து ஏற்றுங்கள். 8.5ஐத் தொட்டால் நிறுத்திவிடுங்கள். குழாய் முனையில் சுண்ணாம்பு கட்டும், வாரம் ஒருமுறை வினிகரில் ஊறப்போடுங்கள்.

கரண்ட் போனால் பம்ப் நிற்கும், ஆனால் குளுகோஸ் குழாய் நிற்காது. ஓட்டமில்லாத சம்ப்பில் சுண்ணாம்புத் தண்ணீர் தேங்கி, கரண்ட் வந்ததும் மொத்தமாக டேங்குக்கு ஏறும். பராமரிப்பு என்று காலையில் எடுத்தால் சாயங்காலம்தான் கரண்ட் வரும், அந்த நாளில் சொட்டே வேண்டாம். இரவிலும் புயல் மழைக்கு நம்பமுடியாது. சின்ன டோசிங் பம்ப் ஒன்றை ரிட்டர்ன் பம்ப் உள்ள அதே பிளக் போர்டில் மாட்டினால் இரண்டும் சேர்ந்து நிற்கும், சேர்ந்து ஓடும்.

சுண்ணாம்போ சோடாவோ, கையாளும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டு அலசிவிட்டு நேரே டாக்டரிடம்.

குடந்தை_டேங்க்:

நன்றி சார். ரிஃப்ராக்டோமீட்டரை நீங்கள் சொன்ன 36.5 கிராம் கரைசலில் சரிசெய்து பார்த்தேன், 30.5. ஹைட்ரோமீட்டர் இன்னமும் 1.026 என்றுதான் சாதிக்கிறது. இதை 35க்கு எப்படி ஏற்றுவது? மளிகைக்கடைக் கல் உப்பு கொஞ்சம் கலந்துகொள்ளலாமா?

கொள்ளிடக்கரை:

கல் உப்பு கூடாது. அது சோடியம் குளோரைடு மட்டும். உப்பு 35 காட்டும், கால்சியமும் மெக்னீசியமும் இருந்த இடத்திலேயே நிற்கும். மரைன் சால்ட் மிக்ஸ் சுமார் 1.2 கிலோ மொத்தத் தேவை. நேராகக் கொட்டாமல், தினம் ஆவியாகும் 3 லிட்டருக்குப் பதில் ஆர்.ஓ. தண்ணீர் விடாமல், 35 பிபிடியில் கலந்த உப்புத் தண்ணீர் விடுங்கள். ஒரு நாளைக்கு 0.4 பிபிடி ஏறும், பத்துப் பன்னிரண்டு நாளில் சேர்ந்துவிடும். அந்த நாட்களில் டாப்-அப் தண்ணீரில் சுண்ணாம்பு கலக்க வழியில்லை, உப்புத் தண்ணீரில் போட்டால் அங்கேயே திரிந்துவிடும். அதுவரை வறுத்த சோடா 32 மி.லி., கால்சியம் 32 மி.லி. என்று ஓட்டுங்கள். சால்ட் மிக்ஸிலும் ஆல்கலினிட்டி வரும், ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து, 8.5க்கு மேல் போனால் சோடாவைக் குறையுங்கள். 35 ஆனதும் கால்சியம் 410 பக்கமும் மெக்னீசியம் 1280 பக்கமும் காட்டினால், அந்த 420 கேள்விக்கு நீங்கள் எதுவும் போட வேண்டியதே இல்லை.

நாகை_ஹேச்சரி:

அந்த ஹைட்ரோமீட்டரை வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணியில வினிகர் கொஞ்சம் விட்டு ஒரு ராத்திரி ஊறவைங்க. முள்ளு அச்சுல உப்பு கட்டியிருக்கும். அப்பவும் 36.5 கிராம் கரைசல்ல ரிஃப்ராக்டோமீட்டர் பக்கத்துல வரலைன்னா தூக்கிப் போட்டுடுங்க. மிச்சம் உள்ள கார்த்திகைத் தண்ணி கேன்ல இருந்தா கொட்ட வேண்டாம், லிட்டருக்கு எத்தனை கிராம் குறையுதோ அத்தனை சால்ட் மிக்ஸ் சேர்த்து 35 ஆக்கி, முதல் சில நாள் டாப்-அப்புக்கு அதையே விடுங்க.